'புழு இல்லை' என்று எழுதிய பதிவேடு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய கையோடு எங்கள் வட்டாரத்தில் ஒரே ஊரிலிருந்து அடுத்தடுத்து டெங்கு உறுதியாகி வந்தது. சுகாதார ஆய்வாளராக நான் அங்கே மாறுதலாகி வந்த புதிது. கொசுப்புழு ஆய்வுப் பதிவேட்டைப் புரட்டினால் தெருவுக்குத் தெரு 'புழு இல்லை' என்றே இருந்தது.

எங்கள் வட்டார மருத்துவ அலுவலர் மாலைக் கூட்டத்தில் அந்தப் பதிவேட்டை மேசைமேல் வைத்தார். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. "புழு இருக்கிறது என்று எழுதினால் உங்களுக்கு என்ன ஆகும்?" என்றுதான் கேட்டார். சற்று நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு தினக்கூலிக்கு வேலை பார்க்கும் கொசு ஒழிப்புப் பணியாளரான ஓர் அக்கா சொன்னார்: "கணக்கு ஏறினால் எங்களை நிற்கவைத்துத் திட்டுவார்கள் அம்மா."

"இனிமேல் புழுவைக் கண்டுபிடிப்பவர்தான் வேலை செய்தவர். ஒரு தெருவே சுத்தம் என்று வந்தால் அங்கே நான் வந்து பார்ப்பேன்" என்றார் டாக்டரம்மா. சொன்னபடி மறுநாள் காலையிலேயே வந்து நின்றார்.

முதல் வீட்டிலேயே சிமெண்ட் தொட்டிக்குள் டார்ச் அடித்தோம். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. வெளிச்சம் பட்டதும் மேலே தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. டாக்டரம்மா ஒரு கரண்டியில் அள்ளி வீட்டுக்காரப் பாட்டியிடம் காட்டினார். "சாக்கடையில்தானே கொசு வரும்?" என்றார் பாட்டி. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். முட்டை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் தாங்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பாட்டியோடு சேர்ந்து அந்த அக்கா தேய்த்துக் காட்டினார். துண்டுப் பிரசுரத்தைவிட அந்தக் கரண்டித் தண்ணீர்தான் அந்தத் தெருவில் வேலை செய்தது.

அந்த வாரம் பதிவேட்டில் புழு உள்ள வீடுகள் மளமளவென்று ஏறின. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தபோது டாக்டரம்மாவே பதில் சொன்னார்; பணியாளர் எவரையும் முன்னே தள்ளவில்லை. ஒரு தலைமையிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

புகை மருந்து அடிக்கச் சொல்லி ஊரில் நெருக்கினார்கள். அடித்தோம். ஆனால் புகை, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும்; தொட்டியில் இருக்கும் புழு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். அதை ஊராட்சித் தலைவருக்கு டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

காய்ச்சல் பட்டியலை அன்றன்றைக்கே முடித்தோம்: பெயர், வயது, தெரு, காய்ச்சல் கண்ட தேதி. முதல் ஐந்து நாளுக்குள் வந்தவர்களுக்கு, இரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை; அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு, வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை. கிராம சுகாதார செவிலியர்கள் காய்ச்சல் விட்டவர்களின் வீட்டுக்கும் போனார்கள். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தானது. வயிற்றுவலியோ விடாத வாந்தியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 'காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை' என்று இருந்த ஒரு சிறுவனை அப்படித்தான் நேரத்துக்கு அனுப்ப முடிந்தது.

ஆனாலும் கழுவிய தொட்டிகளில் மறுபடி புழு வந்தது. காரணம் அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது. வாரத்துக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்தால் சனங்கள் டிரம்மிலும் குடத்திலும் பிடித்துவைக்காமல் என்ன செய்வார்கள்? டாக்டரம்மா அவரையே ஊராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப்போய்ப் பேசவைத்தார். பழுதாகிக் கிடந்த மோட்டாரைச் சரிசெய்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் திறந்துவிட ஒப்புக்கொண்டார்கள். அதன்பிறகுதான் புழு உள்ள வீடுகள் உண்மையாகவே குறையத் தொடங்கின.