வென்டியில் ஒரு செங்கல் யூனிட்

சிட்னியில் வீடு வாங்கிவிட்டோம் என்று 2019-இல் திருச்சிக்குப் போன் போட்டுச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மனை எத்தனை சதுரடிம்மா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாங்கள் வாங்கியது லிஃப்ட் இல்லாத மூன்றடுக்குச் செங்கல் கட்டடத்தில், நடு அடுக்கில், இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு யூனிட். மனை என்று தனியாக எதுவும் கிடையாது. சென்னை ஃப்ளாட்டில் பிரிபடாத பங்கு இத்தனை சதுரடி என்று பத்திரத்திலேயே இருக்குமே, அதுவாவது உண்டா என்றார். இங்கே அப்படி எழுதுவதில்லை. வீட்டின் உட்பகுதி நம் பெயரில். மண், வெளிச்சுவர், கூரை, படிக்கட்டு எல்லாம் உரிமையாளர் சங்கத்தின் பெயரில், அதில் நமக்கு ஒரு விகிதம். ஸ்ட்ராட்டா என்பார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1961-இல் சட்டமாக வந்த ஏற்பாடு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, கடை கண்ணி பக்கத்துல இருக்கா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எங்கள் ஊர் வென்ட்வொர்த்வில். இங்கே இருப்பவர்கள் வாயில் அது வென்டி. சிட்னியின் மேற்கு ரயில் பாதையில் பாரமட்டாவைத் தாண்டி வெஸ்ட்மீட், அதற்கு அடுத்தது நாங்கள். தாருக் மக்களின் மண்ணாக இருந்ததை, வெள்ளையர் ஆட்சியில் டார்சி வென்ட்வொர்த் என்பவருக்கு மானியமாக எழுதிக் கொடுத்தார்கள். அவர் பெயர் ஊருக்கு நின்றுவிட்டது. ரயில் 1883-இலேயே இங்கே நிற்கத் தொடங்கியது. பழைய ரயிலடி என்பதால் கடைத்தெரு ஸ்டேஷனை ஒட்டியே வளர்ந்திருக்கிறது. காரை எடுக்காமல் காய்கறி வாங்கி, டாக்டரைப் பார்த்து, நூலகத்துக்கும் போய்விட்டு வீடு திரும்பலாம். சிட்னியில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புது ஊர்களில் குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் வந்தது 2014-இல். மகளுக்கு நான்கு வயது. வாடகை வீடு பார்ப்பது என்பது சனிக்கிழமை வேலை. ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம்தான் திறந்து வைப்பார்கள். இருபது குடும்பம் வாசலில் வரிசையில் நிற்கும். ஏஜென்ட் போனில் பெயரைப் பதிந்துகொண்டு உள்ளே விடுவார். நம்மவர்கள் மட்டும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவோம். பிடித்திருந்தால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் நற்சான்று எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எங்களிடம் இல்லை. நாட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆனவர்களுக்கு எந்த வீட்டுக்காரர் சான்று தருவார்? ஆறு விண்ணப்பம் திரும்பி வந்தது. ஏழாவதற்கு, திருச்சியில் குடியிருந்த வாடகை வீட்டு மாமாவிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி வாங்கி இணைத்தோம். அந்த வீடு கிடைத்தது. புதிதாக வருகிறவர்களுக்கு இன்றும் நான் முதலில் சொல்வது இதுதான்: புறப்படுவதற்கு முன் பழைய வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் முன்பணம். நான்கு வார வாடகைக்கு மேல் பாண்ட் கேட்கக் கூடாது. அந்தப் பணமும் வீட்டுக்காரர் கையில் இருக்காது, மாநில அரசிடம் இருக்கும்.

அது ஒரு ஃபைப்ரோ வீடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்குச் சிட்னி முழுக்க இப்படித்தான் கட்டினார்கள். மரச்சட்டத்தின் மேல் சிமென்ட் தகடு, ஓட்டுக்கூரை, பின்னால் பெரிய புல்வெளி, நடுவில் குடை மாதிரி சுற்றும் துணிக்கொடி. குடிபோன மறுநாள் என் கணவர் முருகன் சாமி படத்தை மாட்ட டிரில்லோடு நின்றார். குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நோ நோ நோ" என்று கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். அந்தத் தகட்டில் கல்நார் கலந்திருக்கும், துளை போட்டால் தூசு நெஞ்சுக்குள் போய்விடும் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கல்நாரை இந்த நாடு முழுமையாகத் தடை செய்தது 2003-இன் கடைசி நாளில். அதற்கு முன் கட்டியவற்றைச் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும். முருகன் அலமாரி மேல் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று வருடம் அங்கேயே இருந்தார்.

அந்தப் பெரியவர் மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்ட்டா தீவுக்காரர். பெண்டில் ஹில், கிரேஸ்டேன்ஸ் பக்கமெல்லாம் மால்ட்டாக்காரர்கள் நிறைய. காலமான அவர் மனைவி பாண்ட்ஸ் ஆலையில் தைத்தவராம். நம் திருப்பூர் பனியன் மாதிரி, ஆஸ்திரேலியாவில் பனியன் என்றாலே பாண்ட்ஸ்தான். அதன் பஞ்சாலை 1920-களிலேயே இங்கே வந்துவிட்டது. பின்னால் 2009-இல் உள்நாட்டு உற்பத்தியை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

ஆலைக்காகவும் தோட்டங்களுக்காகவும் வந்தவர்கள் வயதாகி வீட்டை விற்கத் தொடங்கியபோதுதான் நம்மவர்கள் வந்தார்கள். 1983-க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த ஈழத் தமிழர்கள் முதலில். ஹோம்புஷ் பக்கம் ஒரு கூட்டம், வென்டி, பெண்டில் ஹில், கிரவீன், டூங்காபி பக்கம் ஒரு கூட்டம். பக்கத்தில் மேஸ் ஹில்லில் முருகன் கோயிலை எழுப்பி 1999-இல் குடமுழுக்கு நடத்தியதும் அவர்கள் உழைப்பில்தான். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் வேலைக்கும் மருத்துவமனை வேலைக்கும் வந்த தமிழ்நாட்டுக்காரர்கள், தெலுங்குக்காரர்கள், குஜராத்திகள். 2021 மக்கள்தொகைக் கணக்கில் வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று நாடு முழுக்க 95,000 பேருக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் கணிசமானவர்கள் இந்தச் சில ஊர்களுக்குள் இருக்கிறார்கள் என்பது ஞாயிறு காலை தமிழ்ப்பள்ளி வாசலில் நின்றாலே தெரியும். எங்களைப் போலப் பின்னால் வந்தவர்களுக்குப் பாதை போட்டு வைத்தவர்கள் ஈழத்து அக்காக்களும் அண்ணன்களும்தான். அந்தக் கடனை நான் மறப்பதில்லை.

2017-இல் ஃபைப்ரோ வீட்டைக் காலி செய்யச் சொல்லி 90 நாள் நோட்டீஸ் வந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை. அன்றைய சட்டப்படி எழுத வேண்டியதும் இல்லை. (2025 மே 19 முதல் இந்த மாநிலத்தில் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. எட்டு வருடம் முன்னால் வந்திருக்கலாம்.) நாங்கள் இரண்டு தெரு தள்ளிக் குடிபோனோம். ஒருநாள் அந்த வழியாக வந்தபோது வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள் ஃபைப்ரோ தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தண்ணீர் தெளித்து, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மகளின் அறைச் சுவரில் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர்கள் பிளாஸ்டிக் வழியாகத் தெரிந்தன. அவள் அதைப் பார்க்க வேண்டாம் என்று அடுத்த தெரு வழியாகக் கூட்டிப் போனேன். ஒரு வருடத்தில் அதே மனையில் ஒட்டிய மாதிரி இரண்டு வீடுகள் எழுந்தன. இந்த ஊரின் வீட்டுச் சந்தை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தகடுகள்தான். பழைய வீட்டை வாங்குபவர் வீட்டுக்குப் பணம் கொடுப்பதில்லை, அது நிற்கும் மண்ணுக்குக் கொடுக்கிறார். அதனால்தான் இடிந்து விழும் நிலையில் இருப்பதுகூடப் பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது. 450 சதுர மீட்டர் இருந்தால் பின்னால் 60 சதுர மீட்டருக்குள் கிரானி ஃப்ளாட் என்ற சின்னத் துணை வீடு ஒன்றைக் கட்டி வாடகைக்கு விடலாம் என்ற கணக்கும் அந்த விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

நாங்களும் வாங்கிவிடலாம் என்று இறங்கியபோது நண்பர்கள் எல்லோரும் வடமேற்கில் இருக்கும் புது ஊர்களான ஸ்கோஃபீல்ட்ஸ், டலவாங் பக்கம் கைகாட்டினார்கள். புது மனை, புது வீடு, இரட்டைக் கார் ஷெட். 2019 மே மாதம் மெட்ரோவும் ஓடத் தொடங்கியது. "மண் இருந்தாத்தான் விலை ஏறும், யூனிட்ல போய் பணத்தைப் போடாதீங்க" என்று ஒரு நண்பர் தாளில் கணக்குப் போட்டே காட்டினார். அவர் கணக்கில் தப்பில்லை. மண் உள்ள வீடுதான் வேகமாக ஏறியிருக்கிறது, எங்கள் யூனிட் மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் அவர் தாளில் இல்லாத ஒன்றை மளிகைக்கடை அக்கா சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். உறைந்த முருங்கைக்காய்ப் பையை எடை போட்டபடியே, "பிள்ளை, ஸ்டேசனுக்குக் கிட்ட எடுங்கோ. நாளைக்கு அம்மா அப்பா வந்து நிண்டா, கார் ஓடத் தெரியாட்டிலும் அவையள் சீவிக்க வேணும்" என்றார்.

தனி வீட்டு ஆசையை அப்படியே விட்டுவிடவில்லை. மூன்று ஏலத்துக்குப் போனோம். வாசல் புல்தரையில் ஆட்கள் நிற்க, ஏலக்காரர் நடுவில் நின்று கத்துவார். ஏலத்தில் எடுத்தால் திரும்பிப் பார்க்க முடியாது, அன்றே கையெழுத்து, அன்றே பத்து சதவீதம். மூன்றாவது ஏலத்தில் எங்கள் எல்லையைத் தாண்டி ஆயிரம் ஆயிரமாக ஏறிக்கொண்டே போனது. என் கணவர் கையை உயர்த்தப் போனார். மகள் அவர் சட்டையைப் பிடித்து, "அப்பா, போதும்" என்றாள். வீட்டுக்கு நடந்தே வந்தோம்.

யூனிட் பேசி வாங்கும் விற்பனையாக வந்தது. அதில் ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு. மனம் மாறினால் விலையில் 0.25 சதவீதம் மட்டும் போகும். 4,45,000 டாலர். 2017-இல் உச்சம் தொட்ட சிட்னி விலை இறங்கிக் கிடந்த நேரம். முதல் வீடு என்பதால் முத்திரைத் தீர்வையும் இல்லை. அப்போது அந்தச் சலுகை 6,50,000 வரை இருந்தது, 2023 ஜூலையில் 8,00,000 ஆக்கினார்கள். எங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை இருந்ததால் இதெல்லாம் நடந்தது. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டை வாங்குவதற்கு 2025 ஏப்ரல் 1 முதல் தடை போட்டிருக்கிறார்கள், இரண்டு ஆண்டுக்கு என்று அறிவித்து. இப்போது வருகிற பிள்ளைகளின் நிலை எங்களைவிடக் கடினம்.

யூனிட் வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் விடவே கூடாது: ஸ்ட்ராட்டா அறிக்கை. சில நூறு டாலர் கொடுத்தால் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகள், சேமிப்பு நிதி, கூரை ஒழுகல், சண்டை எல்லாம் கையில் வரும். நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 1970-களில் கட்டிய கட்டடம், இரட்டைச் செங்கல் சுவர், மொத்தம் பன்னிரண்டு வீடு. நிதியில் பணம் இருந்தது. இல்லாவிட்டால் நாளைக்குக் கூரை மாற்றும்போது ஆளுக்குப் பல ஆயிரம் கேட்பார்கள்.

அம்மா 2023-இல் வந்து ஆறு மாதம் இருந்தார். நான் வெஸ்ட்மீட்டில் வேலைக்குப் போனபின், பத்து மணிக்குப் புடவையின் மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இறங்குவார். கடையில் கறிவேப்பிலை முற்றலா இளசா என்று பார்த்து வாங்கி, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரோடு பேசிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்புவார். டலவாங்கில் இருக்கும் என் தோழியின் அம்மா, இரண்டு மடங்கு பெரிய வீட்டில், மாலை ஆறு மணிக்கு மகளின் கார் சத்தம் கேட்கும்வரை டிவி முன் இருந்துவிட்டு, ஆறு மாத டிக்கெட்டை மூன்று மாதமாக மாற்றிக்கொண்டு போய்விட்டார். நான் இங்கே வாங்கியதற்குக் காரணம் கேட்பவர்களிடம் இந்த இரண்டு அம்மாக்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

தரைத்தள வீட்டில் தனியாக இருக்கும் மால்ட்டாப் பாட்டிக்கும் அம்மாவுக்கும் பொதுவான மொழி கிடையாது. வேலியோரம் பாட்டி போட்டிருந்த, மொச்சை மாதிரி பெரிதாக இருக்கும் பயற்றை இருவரும் படியில் உட்கார்ந்து உரிப்பார்கள். அம்மா அதில் பொரியல் செய்து கிண்ணத்தில் கொடுத்தனுப்புவார். கிண்ணம் எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வரும்.

போன வருடம் எங்கள் கட்டடத்தை மொத்தமாக வாங்கி இடித்துவிட்டு உயரமாகக் கட்ட விரும்புவதாக ஒரு கடிதம் வந்தது. முன்பு ஒருவர் மறுத்தாலும் நடக்காது. 2016 இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி முக்கால்வாசி உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எங்கள் பன்னிரண்டு வீட்டில் அது ஒன்பது. பழைய கட்டடம் என்பதால் இந்த நடைமுறைக்குள் போகலாமா என்று முதலில் பொதுக்கூட்டம் தீர்மானிக்க வேண்டும். கார் ஷெட்டில் மடக்கு நாற்காலி போட்டுக் கூடினோம். வெளியே இருந்து வாடகைக்கு விட்டிருப்பவர்கள் வேண்டும் என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பணத்தைப் போட்டவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். பாட்டி எழுந்து, தான் 1981 முதல் இங்கே இருப்பதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஐந்து பேர் வேண்டும் என்றார்கள், ஆறு பேர் வேண்டாம் என்றோம், நேபாளத் தம்பதி வரவில்லை.

அதே கூட்டத்தில் கடைசியாக ஒரு சின்னத் தீர்மானம். வேலியோரப் பொது மண்ணில் இன்னும் கொஞ்சம் கொத்திப் பயிர் வைக்கப் பாட்டி அனுமதி கேட்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. எட்டடி நீளம், மூன்றடி அகலம். அந்தத் துண்டில் பாட்டி ஒன்றும் நடவில்லை. கொத்தி, உரம் போட்டு, மேலே வைக்கோல் பரப்பி வைத்திருக்கிறார். அம்மா எப்போது வருகிறார் என்று படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். அக்டோபரில் என்று சொல்லியிருக்கிறேன்.