பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு கிராஸ்ஓவர் ஸ்டீயரிங்: பட்டறைக் குறிப்புகள்

பிப்ரவரி 3, சனி

வண்டி 4 அங்குலம் உயர்த்தப்பட்டது. முன் ஆக்சில் ஒரே உருளை; பழைய டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) பாக்ஸிலிருந்து டிரைவர் பக்க நக்கிளுக்கு (சக்கரத்தோடு திரும்பும் மூட்டு) முன்பின்னாக ஓடுகிறது. உயர்த்தியதும் லிங்க் செங்குத்தாகச் சரிந்துவிட்டது. குழியில் ஆக்சில் எழும்போது லிங்க் ஒரு வட்டத்திலும் பட்டை இன்னொரு வட்டத்திலும் நகர்வதால், கை தொடாமலே சக்கரம் தானாகத் திரும்புகிறது. பவர் பாக்ஸ் போட்டால் மட்டும் இது போகாது. லிங்க் ஓடும் திசையையே மாற்ற வேண்டும். லிங்க் குறுக்காக எதிர்ப்பக்க நக்கிளுக்குப் போகும்; கிராஸ்ஓவர் என்பது இதுதான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று வெல்டிங் இல்லை, அளவு மட்டும். மெயின் பட்டையை விட்டு மற்றதைக் கழற்றி, பம்ப் ஸ்டாப் (ஆக்சில் எழுவதை நிறுத்தும் ரப்பர் தடை) தொடும்வரை ஆக்சிலை ஜாக்கியில் ஏற்றினோம்.

900 மி.மீ. லிங்க் மட்டமாக இருந்தால், ஆக்சில் 75 மி.மீ. எழும்போது பக்கவாட்டில் 3 மி.மீ.தான் நகரும். அதே லிங்க் 20 டிகிரி சரிவில் தொடங்கினால் சுமார் 24 மி.மீ. நகரும். எல்லாம் இந்தக் கணக்கில் இருக்கிறது. மட்டமாக்க பிட்மேன் ஆர்மை (பாக்ஸிலிருந்து லிங்க்கைத் தள்ளும் கை) கீழே இறக்குவது சுலப வழி, ஆனால் அந்த ஆர்மைத் தாங்கும் செக்டர் ஷாஃப்ட்டை வளைக்கும் சுமை கூடும். நக்கிளுக்கு மேலே உயர்ந்த ஆர்ம் போடுவதே சரி.

பிப்ரவரி 10, சனி

பாக்ஸைச் சேஸிஸில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கையால் சுற்றிப் பார்த்தோம். பிட்மேன் ஆர்ம் முன்னோக்கியா பின்னோக்கியா, நக்கிள் ஆர்ம் ஆக்சிலுக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்துத் திசை மாறும். வலம் ஒடித்தால் இடம் போகும் வண்டிகளும் உண்டு. இதைப் பார்த்த பிறகே துளை.

பெட்டிச் சேஸிஸில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ளே குழாய் ஸ்லீவ் வைத்து இருபுறமும் வெல்ட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போது சேஸிஸ் நசுங்கும், சில நாளில் போல்ட் தளரும், பிறகு துளையைச் சுற்றி விரிசல். வெளியே 6 மி.மீ. பிளேட். பிட்மேன் ஆர்மை மட்டும் வெட்டி ஒட்டவோ சூடாக்கி வளைக்கவோ கூடாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

டை ராட் (இரு நக்கிளையும் இணைக்கும் தண்டு), டிராக் லிங்க் இரண்டுக்கும் வெளிவிட்டம் 1¼ அங்குலம், கனம் 0.219 அங்குலக் குழாய். உள்விட்டம் 13/16 வருவதால் 7/8-18 டாப் (7/8 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை வெட்டும் கருவி) நேராக இறங்கும், 0.25 கனம் எடுத்தால் முதலில் போர் செய்ய வேண்டும். ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது. எண்ட் (குழாய் முனையில் திருகும் பந்து மூட்டு) குறைந்தது 25 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும்.

எண்டின் ஸ்டட் உட்காரும் கூம்புத் துளையைச் செதுக்கும் டேப்பர் ரீமரில் அவசரம் ஆகாது. ஒரு சுற்று அதிகமானாலும் ஸ்டட் ஆழமாக இறங்கி, டேப்பர் இறுகும் முன்பே நட் மரையின் அடியை முட்டும். மார்க்கர் பூசி, தடம் முழு நீளத்துக்கும் பதிகிறதா என்று பார்க்கவும். ஸ்பிளிட் பின் துளை சேரவில்லையென்றால் நட்டை மேலும் இறுக்க வேண்டும், தளர்த்தவே கூடாது.

பிப்ரவரி 17, சனி

ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் இரண்டு யூனிவர்சல் ஜாயின்ட். முதலில் மாட்டியபோது யோக் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை) இரண்டும் ஒரே கோட்டில் இல்லை. ஒரு சுற்றுக்கு இருமுறை இலகு, இருமுறை கனம். ஸ்ப்ளைனைக் கழற்றி நேராக்கியதும் சரியானது.

பாக்ஸின் நடு: ஓரத்திலிருந்து ஓரம் 4 சுற்று, அதில் 2 பின்னால். பற்கள் நடுவில்தான் இறுக்கமாகச் சேரும். அந்த இடத்தில் சக்கரம் நேராக இல்லாவிட்டால் சாலையில் ஆட்டம் தெரியும், அதை அட்ஜஸ்ட் ஸ்க்ரூவால் மறைக்கப் பார்த்தால் பாக்ஸ் கெடும்.

முன் சக்கரத்தைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, ஆயில் ஊற்றியபடி 20 முறை இருபுறமும் மெதுவாக ஒடித்தோம். ஸ்டார்ட் செய்ததும் நுரை. அணைத்து அரை மணி காத்திருந்து மறுபடி. நுரையோடு ஓட்டினால் பம்ப் ஊளையிடும்.

நக்கிள் ஸ்டாப் போல்ட், பாக்ஸ் தன் முடிவைத் தொடும் முன்பே தொட வேண்டும். இல்லையென்றால் பெரிய டயரின் அடியெல்லாம் பாக்ஸுக்குள் போகும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

டோ-இன் (முன் சக்கரங்களின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட நெருங்கியிருக்கும் அளவு) 2 மி.மீ. டை ராட் குழாயை ஒரு சுற்று திருப்பினால் நீளம் 2.8 மி.மீ. மாறும், 150 மி.மீ. ஆர்மும் 800 மி.மீ. டயரும் என்றால் கால் சுற்றுக்கே டோ 4 மி.மீ. அளவுக்கு மாறிவிடுகிறது. பொறுமையாகத் திருப்பி செக் நட்டை இறுக்கவும்.

ஓட்டியதில் துள்ளல் ஒடிப்பு (குழியில் சக்கரம் தானாகத் திரும்புவது) போயிற்று. ஆனால் கையை விட்டால் ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பவில்லை. அது காஸ்டர் (நக்கிளின் பின்சாய்வு) குறை, லிங்க் மீது பழியில்லை. நக்கிளின் மேற்பகுதி பின்னால் சாயும்படி 3 டிகிரி ஆப்பு வைத்தோம். அதற்கு விலை: டிஃப்பரன்ஷியலின் பினியன் மூக்கு (ப்ரொபெல்லர் ஷாஃப்ட் சேரும் முனை) கீழே இறங்கும், முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கோணம் கூடும். 3-க்கு மேல் போகவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

கரட்டுப் பாதையில் ஓட்டிவந்தபின் எல்லா நட்டும் மறுபடி. பாக்ஸ் போல்ட்டில் ஒன்று கால் சுற்று இறங்கியது. மற்றவை அசையவில்லை. முழு ஒடிப்பில், டிரைவர் பக்கச் சக்கரம் மேலேறிய நிலையில், டிராக் லிங்க் பட்டையை லேசாக உரசிய தடம். டை ராட் எண்டைத் திருகி 5 மி.மீ. இடைவெளி வந்தது, அது போதாது, நக்கிள் ஆர்மின் கீழ் 12 மி.மீ. ஸ்பேசரும் நீளமான ஸ்டட்டும் வேண்டும்.