ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் வயிறு வலிக்கிறது

ஸ்கேன் நார்மல், ரத்தப் பரிசோதனையும் நார்மல், "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். ஒன்றுமில்லை என்பது சரியல்ல. ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோயில் புண்ணோ கட்டியோ இருக்காது. அதனால்தான் ஸ்கேனில் எதுவும் அகப்படுவதில்லை. குடலும் மூளையும் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும் விதம்தான் மாறியிருக்கிறது. சாதாரண அளவு வாயு சேர்ந்தாலே நரம்புகள் அதை வலியாகக் காட்டுகின்றன. கடுமையான குடல் தொற்றுக்குப் பின் இது தொடங்குவதும் உண்டு.

இதைக் கண்டறிய, 2016இல் வெளியான ரோம் 4 என்ற மருத்துவ அளவுகோல் உதவுகிறது. கடைசி 3 மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி வந்திருக்க வேண்டும். அதோடு, மலம் கழிப்பதை ஒட்டி வலி கூடுவது அல்லது குறைவது, எத்தனை முறை போகிறோம் என்பது மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகுமுன் இரண்டு வாரம் குறிப்பெடுங்கள்: வலி வந்த நேரம், சாப்பிட்டது, தூக்கம், மாதவிடாய் நாள், மலத்தின் தன்மை. தன்மையைக் குறிக்க, மலத்தை 1 முதல் 7 வரை வகைப்படுத்தும் பிரிஸ்டல் அட்டவணை போதும். 1, 2 என்றால் கெட்டியாக, 6, 7 என்றால் கூழாகவோ தண்ணீராகவோ. பலர் வெட்கப்பட்டு "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மலச்சிக்கல் வகையா, பேதி வகையா, இரண்டும் கலந்ததா என்று தெரியாமல் சரியான மருந்து எழுத முடியாது, தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, குடும்பத்தில் குடல் புற்றுநோய், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐபிஎஸ் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், உடனே காட்டுங்கள். பேதி வகைக்கு, கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும், குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற மலப் பரிசோதனையும் கேளுங்கள். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் சீலியாக் முடிவு பொய்யாகிவிடும். அடிக்கடி நடக்கும் தவறு இது.

நார்ச்சத்து என்றதும் தவிடு சாப்பிடத் தொடங்கிப் பலர் உப்புசத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். கரையும் நார்ச்சத்தான இசப்கோல்தான் நல்லது. நாளுக்கு 3 அல்லது 4 கிராமில், நிறையத் தண்ணீரோடு தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள்.

வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், ஆப்பிள் போன்றவற்றைக் குறைக்கும் ஃபாட்மேப் உணவுமுறை பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் விலக்கும் கட்டம் 4 முதல் 6 வாரம்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, ஒத்துக்கொள்வதைத் திரும்பச் சாப்பிட வேண்டும். விலக்கியதோடு நின்றுவிட்டால் சத்துக் குறைவுதான் மிஞ்சும். உணவியல் நிபுணர் துணையோடு செய்வது மேல்.

இவற்றில் அடங்காத வலிக்கு மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் எழுதலாம். மனச்சோர்வு மாத்திரை என்று பெட்டியில் பார்த்ததும் "எனக்கு மனநோய் என்கிறாரா" என்று புண்பட வேண்டாம். இந்தக் குறைந்த அளவில் அது குடல் நரம்பின் வலியைத் தணிக்கத்தான். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கலாம், மலச்சிக்கலும் கூடலாம். மலச்சிக்கல் வகைக்காரர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.