மார்த்தாண்டத்துத் தேன்பெட்டியில் பார்த்த சிற்பம்

மார்த்தாண்டம் பஸ் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத ரப்பர்த் தோட்டத்துக்கு ஆட்டோக்காரர் கேட்டது 250 ரூபாய்! நாகர்கோவில் வடசேரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பில் பேரம் பேசத் தெம்பில்லாமல் கொடுத்துத் தொலைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம் அதிலேயே போயிற்று. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

குமரிக்கு வருகிறவர்கள் சூரிய உதயமும் கண்ணாடிப் பாலமும் பார்க்கிறார்கள். என்னை இழுத்து வந்தது ஜெர்மனியில் வைக்கப்பட்ட ஒரு சிலை. 2012இல் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா என்னும் கலைக் கண்காட்சியில் பிரெஞ்சுக் கலைஞர் பியர் ஹுயிக், படுத்திருக்கும் பெண் சிலை ஒன்றை வைத்தார். தலை இருக்க வேண்டிய இடத்தில் உயிருள்ள தேன்கூடு. கனடாக் கலைஞர் அகனேதா டைக், உடைந்த பீங்கான் பொம்மைகளைத் தேன்பெட்டிக்குள் வைத்தார். மிச்ச வேலையைத் தேனீக்கள் மெழுகால் பார்த்துக்கொண்டன. படங்களைப் பார்த்ததிலிருந்து, தேனீ தேனடை கட்டுவதைக் கண்ணால் காணாமல் இந்தக் கலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றே தோன்றியது. அதற்கு மார்த்தாண்டத்தைவிட்டால் வேறு ஊர் ஏது? 1920-களில் இங்குள்ள ஒய்.எம்.சி.ஏ. ஊன்றிய தொழில் தேனீ வளர்ப்பு. இலையுதிர்ந்து தளிர்க்கும் ரப்பரின் இலைக்காம்பில் தேனீக்கள் எடுக்கும் இனிப்பு நீர் கசியும். பூ இல்லாமலே பெட்டி நிறையும்.

தோட்டத்தில் தேன்பெட்டி வைத்திருக்கும் பெரியவர் லேசாகப் புகை காட்டி மூடியைத் தூக்கினார். பெட்டிக்குள் தொங்கும் மரச் சட்டங்களில் கட்ட வேண்டிய அடையைத் தேனீக்கள் மூடியின் உட்புறத்திலேயே கட்டி வைத்திருந்தன. உள்ளங்கை அகலம், வெள்ளை வெளேரென்ற புது மெழுகு. மூடியில் துருத்திய ஓர் ஆணி குறுக்கே வந்த இடத்தில் அடை வளைந்து, ஆணியைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் பழைய வரிசையிலேயே தொடர்ந்தது. அறைகளின் சுவர் காகிதத்தைவிட மெல்லியது. நான் வாயடைத்து நின்றேன்.

“இது வேண்டாத அடை மக்களே” என்று கத்தியால் ஒரே வழிப்பில் எடுத்து என் கையில் வைத்தார்.

கண்காட்சியில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்க வேண்டியது! கைபேசியில் காசெல் சிலையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “அண்ணாச்சி, எப்படி இருக்கிறது?” என்றேன்.

“நிழல் இருக்கிறதா? எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணம் எங்கே வைத்திருக்கிறார்கள்?”

எந்த விமரிசகரும் அந்தச் சிலையிடம் இதைக் கேட்டு நான் படித்ததில்லை. தேனீக்கு அங்கே வாழ முடியுமா என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்தபோது காலிப் பெட்டிகளை அடுக்கிவைத்துப் பார்த்தவர் அவர். இயற்கையைப் பற்றிக் கலை செய்கிறவர்கள் இவர் போன்றவர்களிடம் வந்து உட்கார வேண்டும். நாகர்கோவிலில் அப்படி ஒரு கண்காட்சி நடத்தினால் கடன் வாங்கியாவது வருவேன்.

அரைக் கிலோ தேன் வாங்கினேன், பர்ஸில் சில்லறைதான் மிச்சம். திரும்பும்போது நடந்தே வந்து, சாலையோரக் கடையில் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் மத்திக் குழம்பும் சாப்பிட்டேன். குடம்புளி நாக்கில் நின்றது. சாப்பாட்டுச் செலவு ஆட்டோவுக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட ஆகவில்லை. போகிறவர்கள் ரப்பர் தளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போங்கள். ஆட்டோவில் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.