ஆச்சியின் வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போது

பம்பாயின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் தொண்ணூறு வயதை ஒட்டி வாழ்ந்து மறைந்த அம்மாவுக்கோ ஆச்சிக்கோ பதினாறாம் நாளுக்குள் ஒரு குறிப்பு எழுத உட்காருவோம். பிறந்த ஆண்டிலேயே தடுமாற்றம் வரும்.

ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் பெரும்பாலும் அது உத்தேசத் தேதி. "யுவ வருசம், தை மாசம்" என்று ஆச்சி வாயால் சொன்னதையே நம்புங்கள். யுவ வருடம் 1935 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1936 ஏப்ரலில் முடிந்தது; தை என்றால் 1936 ஜனவரி நடுவுக்குப் பின். பலர் அவசரத்தில் 1935 என்று போட்டுவிடுகிறார்கள்.

பம்பாய்க்கு எந்த வருடம் வந்தார் என்று பெரியம்மாவிடம் நேராகக் கேட்டால் பதில் வராது. "ஆச்சி வந்தப்போ ட்ராம் ஓடிச்சா?" என்று கேளுங்கள். ட்ராம் 1964 மார்ச் 31-ல் நின்றது. அணாவுக்குப் பதிலாக நயா பைசா 1957-ல் வந்தாலும் அணாக் கணக்கு பேச்சில் பல வருடம் நீடித்தது, அதனால் ட்ராம்தான் நல்ல அடையாளம்.

ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், முகம் தாளோடு கிழிந்து வந்துவிடும். பக்கத்தோடு சேர்த்தே, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும். பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

வாட்ஸ்அப்பில் இருக்கும் அவர் குரலை இன்றைக்கே தனியாக இரண்டு இடத்தில் எடுத்து வையுங்கள். ஃபோன் மாற்றும்போது முதலில் தொலைவது அதுதான்.