மழைத் தண்ணீரும் டிஃப் ஆயிலும்

நவம்பர் 9, சனி

புதன் சாயங்கால மழையில் கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ரோடெல்லாம் தண்ணீர். என் ஹைலக்ஸ் பிக்கப் உயரமான வண்டி என்பதால் என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கவலை பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலைப் பற்றித்தான். என்ஜின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி அது, சுருக்கமாக டிஃப். நன்றாக ஓடிச் சூடேறிய டிஃப் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அப்போது மேலே உள்ள பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகவோ தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ தண்ணீர் உள்ளே இழுபடும். நனைந்த கார்ப்பெட்டைக் காயவைக்க ஓடுகிறோமே, அதில் பாதி அக்கறையை இதற்கு யார் காட்டுகிறார்கள்?

ஜாலான் ஈப்போவில் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போனேன். கியர் ஆயில் என்றதும் கடை முதலாளி தவுக்கே, “கியர்பாக்ஸுக்கா, பின்னாலயா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. டிஃபில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் மையத்துக்குக் கீழே பொருந்தியிருப்பதால் பற்கள் பயங்கர அழுத்தத்தில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுற்றும். அதைத் தாங்கத்தான் ஜிஎல் 5 என்ற தரத்து ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து அதிகம். அந்த நாற்றமும் கந்தகத்தால்தான். மேனுவல் கியர்பாக்ஸின் கியர் மாறும்போது வேகத்தைப் பொருத்தும் பித்தளைச் சிங்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும் என்பதால் பலவற்றுக்கு ஜிஎல் 4 தான் சொல்வார்கள். பின்னால் ஊற்ற 80 டபிள்யூ 90 என்ற கெட்டித்தன்மையுள்ள ஆயில் வாங்கினேன், இரண்டு தடவை மாற்றும் அளவுக்கு. வாஷர்களும் புதுசு.

நவம்பர் 10, ஞாயிறு

பக்கத்துத் தெருவில் ஒரு சுற்று ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்கிவிட்டு வண்டியை வாசலில் நிறுத்தினேன். தரை சமமாக இருக்கிறது, ஜாக் தேவையில்லை. வண்டி சாய்ந்து நின்றால் அளவு பொய்யாகிவிடும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு உள்ளே புகுந்தேன்.

எதிர்வீட்டு அங்கிள் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே, “தம்பி, மேல் பிளக் திறக்குதான்னு முதல்ல பாரு. கீழ திறந்துட்டு மேல திறக்கலைன்னா வண்டி இங்கயேதான் கிடக்கும்” என்றார். ஆயில் ஏற்றும் மேல் பிளக் 24 ஸ்பேனருக்கு அசையவில்லை. துருப்பிடித்த ஓரத்தில் ஸ்ப்ரே அடித்து, காத்திருந்து, கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி இழுத்ததும் ‘டக்’கென்று விட்டது. அப்புறம் ஆயில் இறக்கும் கீழ் பிளக்.

வந்தது ஆயில் இல்லை, நுரை பொங்க ஆற்றிய பால் டீ, தே தாரிக். அதே நிறம், அதே நுரை. தண்ணீர் கலந்திருக்கிறது. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை போல மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம்தான். விரலில் குத்துகிற துண்டு ஏதாவது இருக்கிறதா என்று தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். இல்லை, நிம்மதி.

முழுக்கச் சொட்டி முடியும்வரை விட்டு, கீழே மூடி, கைப்பம்பால் மேல் துளை வழியாக ஏற்றினேன். துளையின் விளிம்பில் ஆயில் வழிந்தால் அளவு சரி.

“என் மைவிக்கும் இது உண்டா?” என்றார் அங்கிள். மைவி முன்சக்கரங்களால் ஓடும் சிறிய கார். டிஃப் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால் இரண்டுக்கும் ஒரே ஆயில். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

என் வண்டி நான்கு சக்கரமும் ஓட்டும் ஃபோர் பை ஃபோர் என்பதால் முன்னாலும் ஒரு டிஃப் உண்டு. அதிலும் விரல் விட்டுப் பார்த்தேன். தெளிவாக இருந்தது, மூடிவிட்டேன்.

நவம்பர் 16, சனி

ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி இறக்கினேன். லேசான மங்கல் மட்டும். முதல் தடவை மூலைமுடுக்கில் தங்கிய தண்ணீர் இதில் கலந்து வந்துவிட்டது. இதற்காகவே மலிவான மினரல் ஆயில் வாங்கியிருந்தேன். ஒரு வாரத்தில் கொட்டப்போவதற்கு சிந்தெடிக் எதற்கு?

பிரீதர் மூடியைக் கழற்றி அங்கே ஒரு ரப்பர் குழாய் மாட்டி, நுனியைப் பின்தொட்டியின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினேன். ஃபோர் பை ஃபோர் ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். இந்த ஊர் மழைக்குத் தினசரி வண்டிக்கும் தேவை என்பேன்.

பழைய ஆயிலைக் கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டேன். மலேசியச் சட்டப்படி கழிவு மசகெண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் வரும் அபாயக் கழிவு, கால்வாயில் ஊற்றக் கூடாது. தனியாளிடம் வாங்க மாட்டோம் என்று ஓர் இடத்தில் மறுத்தார்கள். அடுத்த கடையில் பேரலைக் காட்டி, “ஊத்திட்டுப் போ, பாஸ்” என்றார்கள்.