வறட்சிப் பாடத்துக்கு ஒரே ஒரு ஆண்டு போதும்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 மெயின்ஸுக்கு வெள்ளத்தையும் புயலையும் விழுந்து விழுந்து படிக்கிறவர்கள்கூட வறட்சி என்று வந்தால் வானிலை (மழை குறைவது), நீரியல் (அணை, ஏரி, நிலத்தடி நீர் குறைவது), வேளாண் (பயிர் வாடுவது) என மூன்று வகையை உருப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் எல்லார் விடைத்தாளும் ஒரே மாதிரி இருக்கும். நான் 2016-17 தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டு வரையறைகளை அதில் பொருத்திப் படித்தேன். நன்றாகவே கைகொடுத்தது.

2016 வடகிழக்குப் பருவமழை இங்கே இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. பருவ மழை நீண்டகாலச் சராசரியிலிருந்து 26 முதல் 50 சதவீதம் வரை குறைந்தால் மிதமான வறட்சி, 50ஐத் தாண்டினால் கடும் வறட்சி. இது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோல். ஆகவே வானிலை வறட்சிக்கு எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கவேண்டிய மேட்டூர் அணையை அந்த ஆண்டு செப்டம்பர் 20-ல்தான் திறந்தார்கள். இது நீரியல் வறட்சிக்கு. டெல்டாவில் சம்பா கருகியது வேளாண் வறட்சிக்கு. 2017 ஜனவரி 10-ல் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் அன்றிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார். அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கே என்பதும் இதிலேயே மனதில் பதிந்துவிடும். கொள்குறி வினாவில் 'மத்திய அரசு' என்ற விடை கண்ணைக் கவரும், கவனம்.

இன்னொன்று, இதை எழுதுகிறவர்கள் குறைவு. அதே 2016-ல் நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை சராசரியில் 97 சதவீதம், அதாவது 'இயல்பு'. தேசிய அட்டவணையை மட்டும் பார்த்தால் தமிழ்நாட்டின் வறட்சி கண்ணிலேயே படாது. நம் ஆண்டு மழையில் பாதியை ஒட்டிய பங்கு வடகிழக்குப் பருவமழையில் வருகிறது என்ற ஒரு வரியைச் சேர்த்தால் விடையின் கனமே வேறு.

வானிலைத் துறையின் மழைப் பட்டியலில் 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் 'பற்றாக்குறை' என்று போடுவார்கள். 22 சதவீதம் குறைந்த மாவட்டம் அந்தப் பட்டியலில் வரும். மேலே சொன்ன வறட்சி அளவுகோலுக்குள் வராது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2016-ல் வந்த மத்திய வேளாண் அமைச்சகத்தின் வறட்சி மேலாண்மைக் கையேட்டிலிருந்து குறியீடுகளை மட்டும் எடுத்தால் போதும்: முதலில் மழை, பிறகு விதைப்புப் பரப்பு, மண் ஈரம், செயற்கைக்கோள் காட்டும் பயிர் நிலை, நீர்நிலை.

2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை நகர்ப்புற நீர்த் தட்டுப்பாட்டுக் கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள். வறட்சிக் கேள்வியில் அதை இறக்கினால் ஏரி ஆக்கிரமிப்பு, நிலத்தடி நீர் என்று விடை வேறு பக்கம் போய்விடும்.